பதினாறா, பதினெட்டா, இருபத்தொன்றா? பதின்ம வயதுக் கர்ப்பத்தில் குழம்பும் கணக்குகள்

குப்பைத் தொட்டி ஓரத்தில் பச்சிளம் சிசு, பள்ளி மாணவி கைது, காதலனைப் போலீஸ் தேடுகிறது என்று கோலாலம்பூரிலோ பினாங்கிலோ ஒரு செய்தி வந்துவிட்டால் போதும், வாட்ஸ்அப் குழுக்களில் ஆளுக்கொரு சட்ட விளக்கம் கிளம்பிவிடும். "பொண்ணுக்கு 16 முடிஞ்சிருச்சு, கேஸ் நிக்காது" என்பார் ஒருவர். "18 ஆகாட்டி பையன் உள்ளேதான்" என்பார் அடுத்தவர். சென்னைத் தொலைக்காட்சி விவாதத்தில் கேட்ட போக்சோவை, அதாவது சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் இந்தியச் சட்டத்தை, அப்படியே கோலாலம்பூர் செந்தூலில் கொண்டுவந்து இறக்குவார் மூன்றாமவர். முதல் இருவரும் சொல்வது பாதி சரி. மூன்றாமவர் சொல்வது மலேசியச் சட்டமே இல்லை.

சட்டத்தின் கணக்கு ஆண்டுகளில் ஓடுகிறது. உடலின் கணக்கு மணிகளிலும் வாரங்களிலும் ஓடுகிறது. முதல் கணக்கை நினைத்துப் பயந்து வீட்டார் வாயை மூடிக்கொண்டிருக்கும்போது இரண்டாவது கணக்கு கைமீறிப் போய்விடுகிறது. பெரும்பாலான கெடுதல் இந்த இடைவெளியில்தான் நடக்கிறது. முதலில் வயதுக் கணக்கைத் தீர்த்துக்கொள்வோம்.

எந்த வயது எதற்கு

1. 16 வயது. தண்டனைச் சட்டத்தின் 375-ஆம் பிரிவுப்படி, 16 நிறையாத பெண்ணோடு உடலுறவு கொண்டால் அவள் சம்மதித்திருந்தாலும் அது பாலியல் வல்லுறவு. 20 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் உண்டு. பெண்ணுக்கு 12 கூட ஆகவில்லை என்றால் 30 ஆண்டு வரை போகும். "பையனுக்கும் 15தானே" என்பது குற்றத்தை இல்லாமல் ஆக்காது. வழக்கு சிறார் நீதிமன்றத்துக்குப் போகும், தண்டனை முறை மாறும், அவ்வளவுதான். இந்தப் பிரிவில் பெண் மீது வழக்கு கிடையாது. சட்டத்தின் பார்வையில் அவள் பாதிக்கப்பட்டவள்.

2. 18 வயது, பாலியல் குற்றங்களுக்கு. 2017-ல் நடைமுறைக்கு வந்த சிறார்களுக்கு எதிரான பாலியல் குற்றங்கள் சட்டம், அதாவது 792-ஆம் சட்டம், 18-க்குக் கீழுள்ள எல்லாரையும் சிறார் என்கிறது. பாலியல் நோக்கோடு தொடுவது, வலைவிரித்துப் பழகுவது, ஆபாசப் படம் எடுப்பது எல்லாம் இதில் அடங்கும். ஆக, 16 முடிந்துவிட்டதால் எந்தச் சட்டமும் தொடாது என்பது தவறு. வல்லுறவுப் பிரிவு தொடாமல் போகலாம், இந்தச் சட்டம் தொட இடமிருக்கிறது. இன்னொன்று: பிள்ளையின் கைப்பேசியில் கிடைத்த படத்தை "ஆதாரம்" என்று சித்தப்பா, மாமா எல்லாருக்கும் அனுப்பிவைப்பதும் இதே சட்டத்தில் குற்றம்.

3. 18 வயது, கையெழுத்துக்கு. 1971-ஆம் ஆண்டின் பராயச் சட்டப்படி 18 ஆனால்தான் ஒருவர் வயதுவந்தவர். அதற்குக் கீழ் என்றால் சிகிச்சைக்கும் அறுவைக்கும் பெற்றோர் அல்லது காப்பாளர் கையெழுத்து கேட்பார்கள். 16, 17 வயதுப் பெண் மாட்டிக்கொள்வது இங்கேதான். அவள் உறவு கொண்டது வல்லுறவாகாது, ஆனால் அதன் விளைவுக்கு வைத்தியம் பார்க்க அப்பா கையெழுத்து வேண்டும்.

4. 21 வயது. முஸ்லிம் அல்லாதோருக்கான 1976-ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் 18 வயதைக் குறைந்தபட்சமாக வைக்கிறது. ஆனால் 21 ஆகும் வரை தந்தையின் எழுத்துபூர்வ ஒப்புதல் வேண்டும். தந்தை இல்லையென்றால் தாயின் ஒப்புதல். 18-ல் ஓட்டுப் போடலாம், கல்யாணத்துக்கு மட்டும் அப்பாவைக் கேட்க வேண்டும். விசித்திரம்தான், ஆனால் பராயச் சட்டமே திருமணத்தைத் தன் எல்லைக்கு வெளியே விட்டுவிட்டது.

இந்தியாவில் போக்சோ சட்டம் 2012-ல் வந்தபோது சம்மத வயதை 18 ஆக்கியது. தமிழ்நாட்டுச் செய்தியில் 17 வயதுப் பெண்ணின் காதலன் கைதாவதைப் பார்த்துவிட்டு இங்கேயும் அப்படியே என்று நினைப்பது இதனால்தான். இரண்டு நாட்டுக் கணக்கையும் கலக்கக் கூடாது.

"காதல் என்றால் நீதிமன்றம் விட்டுவிடும்" என்ற நம்பிக்கைக்கு ஒரு காரணம் 2012-ஆம் ஆண்டு வழக்கு. 13 வயதுச் சிறுமியோடு உறவு கொண்ட ஒரு டென்பின் பௌலிங் வீரரை மேல்முறையீட்டு நீதிமன்றம் சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தைப் பிணையில் விட்டது. பெரிய கண்டனம் எழுந்தது. அந்தத் தீர்ப்பை வைத்து இன்று யாரும் கணக்குப் போடாமல் இருப்பது நல்லது.

கல்யாணம் செய்து வைத்தால் வழக்கு போய்விடுமா

போகாது. குற்றம் நடந்த நாளில் பெண்ணுக்கு 16 ஆகவில்லை என்றால், பிறகு கட்டிய தாலி அந்த நாளை மாற்றாது. வழக்குத் தொடுப்பது அரசு. பெண்ணின் அப்பா புகாரை மீட்டுக்கொண்டால் எல்லாம் தானாக முடிந்துவிடும் என்பதும் கிடையாது.

அப்படியே கட்டிவைத்தாலும் அது சட்டப்படி கல்யாணமா என்பது அடுத்த கேள்வி. பதிவு இல்லாமல் கோயிலில் நடந்தது சட்டத்தின் கண்ணுக்குத் தெரியாது. 16 முடிந்து 18 ஆகாத பெண்ணுக்கு மாநில முதலமைச்சரின் சிறப்பு உரிமம் தேவை. 16-க்குக் கீழ் என்றால் வழியே இல்லை. பையனுக்கு 18 ஆகாவிட்டால் உரிமம் என்ற பேச்சும் இல்லை. "மானம் போகுதே" என்று அவசரப்பட்டு நடத்தும் தாலிகட்டு, பெண்ணுக்கு மனைவி என்ற உரிமையையும் தராது, பையனை வழக்கிலிருந்தும் காப்பாற்றாது. இவ்வளவுக்குப் பிறகும் இதை ஒரு தீர்வாக நம் குடும்பங்கள் பேசிக்கொண்டிருப்பது எனக்குப் புரியவில்லை.

உடலின் கணக்கு: 72 மணி நேரம்

இனி வேகமாக ஓடும் கணக்கு. பாதுகாப்பில்லாமல் உறவு நடந்துவிட்டால் முதல் 72 மணி நேரம் முக்கியம். அவசர கருத்தடை மாத்திரை என்று ஒன்று உண்டு, லெவோநோர்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம். மலேசிய மருந்தகங்களில் மருந்தாளரிடம் கேட்டு வாங்கலாம். பலருக்குப் போஸ்டினோர் என்றால்தான் தெரியும். இது கருமுட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடுகிறது. ஏற்கெனவே கரு தங்கியிருந்தால் எதுவும் செய்யாது, கலைக்காது. "அது கலைக்கிற மாத்திரை, பாவம்" என்று சொல்லி விலக்குபவர்கள் வேறு மாத்திரையோடு இதைக் குழப்புகிறார்கள். எவ்வளவு சீக்கிரம் போடுகிறோமோ அவ்வளவு நல்லது. மூன்றாம் நாள் போடுவதைவிட முதல் நாள் போடுவது மேல். போட்ட 2 மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால் மறுபடி போட வேண்டும்.

நடந்தது கட்டாயம் என்றால் இந்த 72 மணி நேரத்துக்கு இன்னொரு பொருளும் உண்டு. எச்ஐவி தொற்றைத் தடுக்கும் மருந்தை அதற்குள் தொடங்கியாக வேண்டும். அரசு மருத்துவமனைகளின் அவசரப் பிரிவில் "ஒன் ஸ்டாப் கிரைசிஸ் சென்டர்" என்ற ஏற்பாடு இருக்கிறது. கோலாலம்பூர் மருத்துவமனையில் தொடங்கி நாடு முழுவதும் பரவியது. பரிசோதனை, மருந்து, தடயம் எடுப்பது, ஆலோசனை, போலீஸ் எல்லாம் ஒரே இடத்தில். குளித்துவிட்டு, துணியைத் துவைத்துப் போட்டுவிட்டு, நாலு நாள் அழுதுவிட்டுப் போனால் மருந்தின் காலமும் தாண்டிவிடும், தடயமும் போய்விடும்.

உடலின் கணக்கு: வாரங்கள்

நாள் தள்ளிப்போனால் மருந்தகத்தில் சிறுநீர்ப் பரிசோதனைக் குச்சி கிடைக்கும். மாதவிலக்கு வர வேண்டிய நாளுக்குப் பிறகு பார்த்தால் நம்பலாம். முந்திப் பார்த்து ஒரே கோடு வந்தால் அதை வைத்து நிம்மதி அடைய முடியாது. பதின்ம வயதில் மாதவிலக்கு ஒழுங்கில்லாமல் வருவது சகஜம் என்பதால் "வழக்கம்போலத் தள்ளியிருக்கும்" என்று இரண்டு மாதம் சும்மா இருந்துவிடும் பெண்கள் உண்டு.

பிறகு ஸ்கேன். இங்கே ஒரு வீண் சண்டை அடிக்கடி வெடிக்கிறது. டாக்டர் "9 வாரம்" என்கிறார். பையனைச் சந்தித்த நாளை வைத்து அம்மா நாள்காட்டியில் எண்ணினால் 7 வாரம்தான் வருகிறது. "அப்ப வேற யாரு?" என்று பெண்ணுக்கு அடி விழுகிறது. பையன் வீட்டாரோ "எங்க பையன் இல்ல, கணக்கு இடிக்குது" என்று கழன்றுகொள்கிறார்கள். கணக்கு இடிக்கவே இல்லை. மருத்துவத்தில் கர்ப்ப வாரம் எண்ணுவது கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து. கரு தங்குவது அதற்கு ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்து. ஆகவே 9 வாரக் கர்ப்பம் என்றால் கரு தங்கி 7 வாரம். பிரசவத்துக்குச் சொல்லும் 280 நாளும் இதே கணக்குதான். இந்த இரண்டு வாரத்தைத் தெரியாததால் எத்தனை வீட்டில் பெண்ணின் சொல்லை யாரும் நம்பாமல் போயிருக்கும்.

வாரம் ஏறிக்கொண்டே போகும்போது செக்அப் இல்லாமல் இருப்பதுதான் உண்மையான ஆபத்து. 10 முதல் 19 வயதுத் தாய்மார்களுக்கு, 20 முதல் 24 வயதுக்காரர்களைவிட, வலிப்போடு கூடிய இரத்த அழுத்தக் கோளாறும் பிரசவத்துக்குப் பின் கிருமித் தொற்றும் வர வாய்ப்பு அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. குழந்தை குறைப்பிரசவமாகவோ எடை குறைந்தோ பிறப்பதும் அதிகம். சட்டைக்கு மேல் சட்டை போட்டு வயிற்றை மறைத்து, வலி வந்தபின் கழிப்பறையில் தனியாகப் பெற்றெடுக்கும் பெண்ணுக்கு இரத்த அழுத்தம் பார்த்தவர் யாரும் இருக்க மாட்டார்கள். சிசு கிடந்த செய்திகளுக்குப் பின்னால் பலமுறை இருப்பது இந்த மறைத்த மாதங்கள்தான்.

சடங்கு மண்டபத்தில் சொல்லாதது

பெண் பெரியவளானால் மண்டபம் பிடித்து, வாசலில் அவள் படம் போட்ட பேனர் வைத்து, முந்நூறு பேருக்குச் சாப்பாடு போடுகிறோம். ஊருக்கே தெரியும். அவள் உடலில் என்ன மாறியது, இனி எது நடந்தால் கரு தங்கும் என்பதை மட்டும் அந்த மண்டபத்தில் ஒருவரும் சொல்வதில்லை. பையனுக்கு அந்தப் பேனரும் கிடையாது.

பள்ளியில் பாடம் இருக்கிறது. 1989 முதல் குடும்பச் சுகாதாரக் கல்வி என்ற பெயரிலும், 2011 முதல் பியர்ஸ் (இனப்பெருக்க, சமூகச் சுகாதாரக் கல்வி) என்ற பெயரிலும் உடற்கல்வி, சுகாதாரப் பாடத்துக்குள் வருகிறது. எவ்வளவு சொல்லிக்கொடுப்பது என்பது அந்தந்த ஆசிரியரின் கூச்சத்தைப் பொறுத்தது. இதற்கிடையில் தேசியச் சுகாதார ஆய்வில் 13 முதல் 17 வயது மாணவர்களில் உடலுறவு கொண்டதாகச் சொன்னவர்கள் 2017-ல் 7.3 விழுக்காடு, 2022-ல் 7.6 விழுக்காடு. பதின்மூன்று பேரில் ஒருவர். "நம்ம பிள்ளைங்க அப்படி இல்ல" என்பதற்கு இந்த எண் இடம் தருகிறது, பன்னிரண்டு வீடுகளில் அது உண்மையும்கூட.

கருத்தடை: எது கிடைக்கும், யாருக்கு

ஆணுறை வாங்க வயது வரம்பு இல்லை. செவன் இலெவனிலேயே இருக்கிறது. முறையாகப் போட்டால் நூற்றுக்கு 98 பேரைக் காக்கும். அவசரத்தில், தப்பும் தவறுமாகப் போடுவதையும் சேர்த்துப் பார்த்தால் ஓராண்டில் நூற்றுக்கு 13 பேருக்குக் கரு தங்கிவிடுகிறது. பாலுறவு நோய்களையும் சேர்த்துத் தடுப்பது இது ஒன்றுதான். "வெளியே எடுத்துவிட்டால் போதும்" என்ற பழைய நம்பிக்கைக்கு இந்தத் தோல்வி எண் 20-ஐத் தொடும்.

தினமும் போடும் மாத்திரை, மூன்று மாதத்துக்கொரு ஊசி, கையில் தோலுக்கடியில் வைத்து மூன்று ஆண்டு வரும் குச்சி என்று மற்றவையும் உள்ளன. வயது குறைவு என்ற ஒன்றை மட்டும் வைத்து எந்த முறையையும் மறுக்க மருத்துவக் காரணம் இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. தடை மருத்துவத்தில் இல்லை, கவுண்டரில் இருக்கிறது. அரசுக் கிளினிக்கின் குடும்பத் திட்டமிடல் சேவை நீண்ட காலமாகக் கல்யாணமானவர்களை மனத்தில் வைத்தே வளர்ந்தது. பெயர்ப் பதிவில் "கணவர் பெயர்" என்று கேட்டதுமே எழுந்து போய்விடும் பெண்ணுக்கு அந்தச் சேவை இருந்தும் இல்லாத மாதிரிதான்.

கொஞ்சம் கூச்சமில்லாமல் போய்ப் பேசக்கூடிய இடங்களும் உண்டு. தேசிய மக்கள்தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியம் இளையோருக்காக நடத்தும் கஃபே அட் டீன் மையங்கள், குடும்பத் திட்டமிடல் சங்கங்களின் கிளினிக்குகள், பினாங்கில் 1985 முதல் இயங்கும் மாற்றத்துக்கான பெண்கள் மையம். எங்கே போவது என்றே தெரியாவிட்டால் அரசின் உதவித் தொலைபேசி தாலியான் காசே, எண் 15999.

கலைப்பு: "மலேசியாவில் சட்டவிரோதம்" என்பது எவ்வளவு சரி

முழுக்கச் சரியில்லை. தண்டனைச் சட்டத்தின் 312-ஆம் பிரிவு கருக்கலைப்பைக் குற்றம் என்கிறது. ஆனால் 1989-ல் செய்த திருத்தம் ஒரு விலக்கு வைத்திருக்கிறது. கர்ப்பம் தொடர்ந்தால் பெண்ணின் உயிருக்கோ, உடல்நலத்துக்கோ, மனநலத்துக்கோ கலைப்பதைவிடக் கூடுதல் கேடு வரும் என்று பதிவுபெற்ற டாக்டர் நல்லெண்ணத்தோடு கருதினால் செய்யலாம். மனநலம் என்ற சொல் அதில் இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. வல்லுறவு தனிக் காரணமாகப் பட்டியலில் இல்லை. மனநலத்தின் வழியாகத்தான் அது உள்ளே வர முடியும். இந்தியச் சட்டம் போல வாரக் கணக்கும் காரணப் பட்டியலும் இங்கே கிடையாது, டாக்டரின் கருத்தில்தான் எல்லாம் நிற்கிறது. டாக்டர் தயங்கினால் கதவு மூடிக்கொள்ளும்.

தயக்கத்துக்குக் காரணமும் இருக்கிறது. 2014-ல் பினாங்கு மாநிலத்தில் கிளினிக்குக்குப் போன ஒரு நேபாளத் தொழிலாளிப் பெண், குழந்தை உயிரோடு பிறப்பதைத் தடுப்பது பற்றிய 315-ஆம் பிரிவில் தண்டிக்கப்பட்டுச் சிறைக்குப் போனார். மேல்முறையீட்டில் விடுதலையானார். விடுதலையைவிடச் சிறைதான் எல்லாருக்கும் நினைவில் நின்றது.

கதவு மூடினால் பெண்கள் போவது கைப்பேசிக்கு. இணையத்தில், டெலிகிராமில் விற்கும் மாத்திரையில் உள்ளே இருப்பது என்ன, எத்தனை வாரத்துக்கு எத்தனை என்று சொல்ல ஆள் இல்லை. அப்படி ஏதாவது போட்டுவிட்டு, ஒரு மணி நேரத்தில் இரண்டு பேட் முழுக்க நனையும் அளவுக்கு இரத்தம் இரண்டு மணி நேரமாகப் போனாலோ, காய்ச்சல் அடித்தாலோ, வயிற்றுவலி தாங்காமல் போனாலோ நேராக அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். சட்டத்தைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

"ரகசியமா வச்சுக்குங்க டாக்டர்"

டாக்டரால் முடியாது. 2001-ஆம் ஆண்டுச் சிறார் சட்டத்தின் 27-ஆம் பிரிவுப்படி, ஒரு சிறார் பாலியல் கொடுமைக்கு ஆளாகியிருப்பதாக நம்பக் காரணம் இருந்தால் டாக்டர் சமூக நல அதிகாரிக்கு உடனே தெரிவிக்க வேண்டும். மறைத்தால் 5,000 ரிங்கிட் வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை. குடும்பத்தாருக்கும் பராமரிப்பாளருக்கும் அடுத்தடுத்த பிரிவுகள். 792-ஆம் சட்டம் இன்னும் ஒரு படி போய், தெரிந்தும் தகவல் கொடுக்காத எவருக்கும் 5,000 ரிங்கிட் வரை அபராதம் வைக்கிறது. ஆக, 15 வயதுப் பெண் கர்ப்பமாகக் கிளினிக்குக்கு வந்தால் புகார் போகும். தனியார் கிளினிக் என்றாலும் போகும்.

இந்த விதி இல்லாவிட்டால் வீட்டுக்குள்ளேயே சீரழிக்கப்படும் பிள்ளையைக் காப்பாற்ற ஆள் இருக்காது. அதனால் விதி வேண்டும். ஆனால் 15 வயதில் 16 வயதுக் காதலன் மூலம் கர்ப்பமான பெண்ணும், சொந்தக்காரரால் கெடுக்கப்பட்ட பெண்ணும் ஒரே கதவு வழியாகத்தான் போக வேண்டியிருக்கிறது. முதல் பெண் காதலனுக்காகப் பயந்து கிளினிக் பக்கமே வருவதில்லை. வயது நெருக்கமான இருவருக்குச் சில நாடுகள் தனி விலக்கு வைத்திருக்கின்றன. மலேசியாவும் அதைப் பற்றிப் பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது என்பது என் கருத்து. அது வரும்வரை பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியது, அவசரப் பிரிவு முதலில் பார்ப்பது உடம்பை. போலீஸ் அதற்குப் பின்.

பையன்களும் தன்பாலீர்ப்பும்

375-ஆம் பிரிவு பெண்ணை மட்டுமே பாதிக்கப்பட்டவளாகப் பார்க்கிறது. பையன் பாதிக்கப்பட்டால் 792-ஆம் சட்டம் அவனையும் சிறாராகவே காக்கிறது. ஆனாலும் பையன்கள் வாய் திறப்பதில்லை, காரணம் தண்டனைச் சட்டத்தின் 377A பிரிவு. ஆணோடு ஆண் கொள்ளும் உறவு வயதுவந்தோரின் சம்மதத்தோடு நடந்தாலும் இங்கே குற்றம், 20 ஆண்டு வரை சிறை. ஷரியா சட்டம் முஸ்லிம் அல்லாதோருக்குப் பொருந்தாது, இந்தப் பிரிவு எல்லாருக்கும் பொருந்தும். தனக்கு நடந்ததைச் சொன்னால் தன்னையே பிடிப்பார்களோ என்று ஒரு 14 வயதுப் பையன் நினைப்பதில் ஆச்சரியமில்லை. அவனைப் பிடிக்க மாட்டார்கள், கெடுத்தவனைத்தான்.

இந்தியாவில் 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அங்குள்ள 377-ஆம் பிரிவைத் தளர்த்தியதும் அந்த நாட்டுச் செய்திதான், இங்கே எதையும் மாற்றவில்லை. ஈர்ப்பு எந்தப் பக்கம் என்பது நோயல்ல. உலக சுகாதார நிறுவனம் 1990-லேயே அதை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. ஈர்ப்பு இருப்பதும் சட்டப்படி குற்றமல்ல, சட்டம் தொடுவது செயலை. "கல்யாணம் பண்ணி வச்சா சரியாயிடும்" என்ற வைத்தியத்தை இதற்கும் எழுதிக்கொடுக்கிறோம். முன்னே சொன்ன இடத்தைவிட இங்கே அது இன்னும் மோசமாகத் தோற்கும், கூடவே இன்னொரு பெண்ணின் வாழ்க்கையும் போகும்.

குழந்தை பிறந்தபின்

பெற்ற குழந்தையை விட்டுவிட்டுப் போவதும், பிறப்பை மறைக்க உடலை ஒளிப்பதும் தண்டனைச் சட்டத்தின் 317, 318 பிரிவுகளில் குற்றம். வளர்க்க முடியாது என்றால் வேறு வழி உண்டு. பெட்டாலிங் ஜெயாவில் ஆர்ஃபன்கேர் அறக்கட்டளை 2010-ல் தொடங்கிய, சிசுவைப் பாதுகாப்பாக ஒப்படைத்துவிட்டுப் போகும் குழந்தைப் பெட்டகம் அதற்காகவே.

வளர்ப்பது என்றால் 60 நாளுக்குள் தேசியப் பதிவிலாகாவில் பிறப்பைப் பதிய வேண்டும். பெற்றோர் சட்டப்படி மணம் செய்யாதவர்கள் என்றால், தாயும் தகப்பனும் சேர்ந்து கேட்டுக் கையெழுத்துப் போட்டால்தான் தகப்பன் பெயர் பத்திரத்தில் ஏறும். குழந்தையின் குடியுரிமை தாயைப் பின்பற்றும்; தாய் மலேசியர் என்றால் குழந்தையும் மலேசியர். பிறகு இருவரும் சட்டப்படி மணந்தால் 1961-ஆம் ஆண்டுச் சட்டம் குழந்தையை முறைப்படியான வாரிசாக ஏற்கிறது.

நம் வீடுகளில் வேறொரு வழக்கம் உண்டு. பாட்டியே தாய் என்று சொல்லிப் பதிந்துவிடுவார், பெற்றவள் அக்காவாகிவிடுவாள். பொய்த் தகவல் கொடுப்பது குற்றம். பிள்ளையின் அடையாள அட்டை, கடப்பிதழ் எல்லாம் அந்தப் பொய்யின் மேல் நிற்கும். பாட்டியே பொறுப்பெடுக்க விரும்பினால் பெற்றவள் பெயரில் பதிந்துவிட்டு, 1952-ஆம் ஆண்டுத் தத்தெடுப்புச் சட்டப்படி நீதிமன்றம் போக வேண்டும். வக்கீல் செலவு ஆகும். அதற்குச் சட்ட உதவித் துறையில் விண்ணப்பிக்கலாம்.